பேழைக்கு முன்னும் ஒழுங்கையிலும்

(கூட்டுக் கற்றலுக்கான கட்டுரை. ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். இடையிடையே நிறுத்திக் கதைப்பது நல்லது.)



இடம்பெயர்ந்த குடும்பங்கள் கூடி வாழும் இடங்களுக்குப் போகும்போது இரண்டு முறைப்பாடுகளை நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கின்றோம். "சுவாமி வாறார், பூசை வைக்கிறார், போறார். எங்கட காணியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை" என்பது ஒன்று. மற்றது இதற்கு நேர் எதிரானது. "அவர் எந்நேரமும் கூட்டம், மனு, கச்சேரி என்று திரியிறார். வருத்தக்காரருக்கு நற்கருணை கொண்டுவர ஆளில்லை" என்பார்கள். சில வேளை இரண்டையும் ஒரே குடும்பத்தில் ஒரே நாளில் கேட்போம். சொல்பவர்களில் பிழையில்லை. இரண்டு தேவையும் உண்மையானவை.

இந்தக் கேள்விக்கு முகங்கொடுத்த ஓர் ஆயரைப் பற்றியே இம்முறை படிக்கப்போகின்றோம். அவர் எங்கள் நாட்டவர் அல்லர். ஆபிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள சன்சிபார் தீவின் அங்கிலிக்கன் ஆயராக 1908 முதல் 1924 வரை இருந்த பிராங் வெஸ்ரன் என்பவரே அவர். 1923ஆம் ஆண்டு யூலையில், இலண்டனில் உள்ள றோயல் அல்பேட் மண்டபத்தில் கூடிய ஆங்கிலோ-கத்தோலிக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய அவர், அங்கு வந்திருந்த குருக்களையும் பங்கு மக்களையும் ஊக்கப்படுத்தி ஓர் உரை ஆற்றினார். ஒரு நூற்றாண்டு கடந்தும் திருச்சபைகளில் அந்த உரை நினைக்கப்படுகின்றது.

ஆங்கிலோ-கத்தோலிக்கர் என்றால் யார்? எங்கள் வாசகர்களில் உரோமன் கத்தோலிக்கரும், அங்கிலிக்கரும், மெதடிஸ்தரும், வேறு சபையாரும், சைவக் குடும்பங்களும் இருப்பதால் இதைச் சற்று விளக்க வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபை 16ஆம் நூற்றாண்டில் உரோமையிலிருந்து பிரிந்தது. 1833இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சில குருக்கள், பிரிந்தாலும் நாங்கள் பழைய கத்தோலிக்க விசுவாசத்தின் வாரிசுகளே என்று எடுத்துரைத்தனர். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் பீடத்தில் மெழுகுதிரி, திருவுடை, தூபம், பாவசங்கீர்த்தனம் ஆகியவற்றை மீண்டும் கொண்டுவந்தனர். அது பலருக்குப் பிடிக்கவில்லை. 1874இல் பாராளுமன்றம் இவ்வழிபாட்டு முறைகளை அடக்க ஒரு சட்டம் இயற்றியது. 1877இல் ஆதர் ரூத் என்ற குரு அதற்காகச் சிறை சென்றார். இலங்கைத் திருச்சபையின் சில பங்குகளில் இன்றும் காணப்படும் தூபமும் திருவுடையும் இந்த ஊற்றிலிருந்து வந்தவையே.

இந்தக் குருக்களில் பலர் வசதியான பங்குகளைப் பெறவில்லை. அவர்களுக்குக் கிடைத்தவை துறைமுகத் தொழிலாளரின் ஒழுங்கைகள். இலண்டன் துறைமுகப் பகுதியில் சாள்ஸ் லோடர் பணியாற்றினார். 1866இல் வாந்திபேதி பரவியபோது அவர் மக்களை விட்டு ஓடாமல் நின்றது, அவருடைய தூபத்தை வெறுத்தவர்களின் மனத்தையும் மாற்றியது.

1923 ஆகும்போது நிலைமை மாறியிருந்தது. ஆங்கிலோ-கத்தோலிக்கர் தொகையில் பெருகி, ஒரு பெரும் மண்டபத்தை நிரப்பக் கூடியவர்களாகிவிட்டனர். ஆனாலும் ஒரு சண்டை முடியவில்லை. நோயாளருக்குக் கொடுப்பதற்காகவும் மக்கள் முன்னிருந்து செபிப்பதற்காகவும் நற்கருணையைப் பேழையில் வைத்திருப்பதை ஆயர்கள் சிலர் தடுத்தனர். மாநாட்டிற்கு வந்த பங்குக் குருக்கள் அந்த மனவருத்தத்தோடுதான் வந்தனர். தங்களுக்கு ஆதரவான ஓர் ஆயர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தனர்.

அவர் என்ன சொன்னார் என்பதைப் பார்க்குமுன் அவர் எங்கிருந்து வந்தார் என்பதை அறியவேண்டும்.

வெஸ்ரன் 1871இல் இலண்டனில் பிறந்தார். ஒக்ஸ்போட்டில் கல்வி கற்று, கிழக்கு இலண்டனில் ஏழை மக்களிடையே பணியாற்றி, 1898இல் மிஷனரியாகச் சன்சிபார் சென்றார். அத்தீவின் பேராலயம் கட்டப்பட்ட நிலம், முன்பு மனிதரை விற்ற சந்தை. 1873இல் சுல்தானோடு பிரித்தானியா செய்த உடன்படிக்கையால் அச்சந்தை மூடப்பட்டது. அதே ஆண்டில் ஆலயத்துக்கு அத்திவாரக் கல் இடப்பட்டது. அடிமைகளைக் கட்டி அடித்த கம்பம் நின்ற இடத்திலேயே பீடம் அமைந்திருக்கின்றது என்பது அங்கு சொல்லப்பட்டு வரும் செய்தி. ஆண்டாண்டாக அப்படிப்பட்ட பீடத்தில் பூசை வைக்கும் ஒருவருக்கு, பீடம் வேறு மக்களின் உடம்பு வேறு என்று நினைப்பது கடினம்.

1914இல் உலகப் போர் தொடங்கியது. கிழக்காபிரிக்காவில் பிரித்தானியப் படைக்கும் ஜேர்மன் படைக்கும் சாமான் சுமக்க ஆபிரிக்கர் கூட்டங் கூட்டமாகக் கொண்டுபோகப்பட்டனர். நோயாலும் பட்டினியாலும் பல்லாயிரவர் மாண்டனர். 1916இல் வெஸ்ரன் தாமே சுமைகாவிகளின் படையொன்றைத் திரட்டி, அவர்களோடு சேர்ந்து நடந்தார். தங்கள் ஆயர் கூட வந்தால் தங்களைக் கவனிப்பார்கள் என்ற நம்பிக்கை அம்மக்களுக்கு இருந்தது. ஓர் ஆயர் போருக்கு ஆள் சேர்ப்பது சரியா என்று எங்கள் மத்தியில் கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்கத்தான் வேண்டும். போர் ஆள் சேர்ப்பதை நாங்கள் கண்டவர்கள்.

போர் முடிந்தபின் நடந்ததுதான் கமக்காரராகிய எங்களுக்கு மிக அண்மையானது. அயலில் இருந்த பிரித்தானிய கிழக்காபிரிக்காவில் (இன்றைய கென்யா) போரிலிருந்து திரும்பிய வெள்ளையருக்குக் காணி வழங்கினார்கள். காணி கிடைத்தது, வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆபிரிக்கருக்குத் தங்கள் சொந்தத் தோட்டமும் மாடும் இருந்தன. அடுத்தவன் தோட்டத்தில் குறைந்த கூலிக்கு உழைக்க அவர்களுக்கு அவசியமில்லை. எனவே 1919இல் ஆளுநர் எட்வேட் நோதியின் நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஆட்களைத் தோட்டங்களுக்குப் போகும்படி அதிகாரிகளும் ஊர்த் தலைவர்களும் 'ஊக்கப்படுத்த' வேண்டுமாம். தோட்டம் பக்கத்தில் இருந்தால் பெண்களையும் பிள்ளைகளையும்கூட ஊக்கப்படுத்தலாமாம். எந்தத் தலைவர் ஒத்துழைத்தார், எவர் ஒத்துழைக்கவில்லை என்று அதிகாரி குறித்து வைக்கவும் வேண்டுமாம்.

கிராமத்தில் வாழ்ந்த எவருக்கும் இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. பெயரைக் குறித்து வைத்துக்கொண்டு ஓர் உத்தியோகத்தர் "விருப்பமென்றால் வா" என்று சொல்லும்போது அது விருப்பத்துக்கு விடப்பட்டதல்ல. விதைக்கிற காலத்தில் ஆம்பிளை வீட்டில் இல்லையென்றால் அந்த ஆண்டின் சாப்பாடும் இல்லை.

அங்கிருந்த திருச்சபைத் தலைவர்கள் சிலர் வெளியிட்ட அறிக்கை, ஊக்கப்படுத்தல் என்ற பெயரில் நடக்கும் வற்புறுத்தலைக் குறை கூறியது. ஆனால் முறையான பாதுகாப்புகளோடு சட்டம் வைத்து வேலை வாங்கினால் அதை ஏற்கலாம் என்றும் விட்டுக்கொடுத்தது. வெஸ்ரன் அதை ஏற்கவில்லை. எந்த வடிவிலும் கட்டாய வேலை அடிமைத்தனமே என்று 1920இல் ஒரு சிறு நூல் எழுதினார். பிரித்தானியாவின் பண்ணையடிமைகள் என்பது அதன் தலைப்பின் பொருள். அதே ஆண்டு ஆயர்களின் உலக மாநாட்டிற்காக இலண்டன் சென்றபோதும் அதைப் பற்றியே பேசினார். வேறு பலரும் குரல் எழுப்பினர். 1921இல் குடியேற்ற நாடுகளின் அமைச்சராக இருந்த வின்ஸ்ரன் சேர்ச்சில், தனியார் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதில் அரச அதிகாரிகள் பங்குகொள்ளக்கூடாது என்று பணித்தார். அத்தோடு எல்லாக் கொடுமையும் ஒழிந்துவிடவில்லை. வரியும் காணிப் பறிப்பும் மக்களைத் தோட்டங்களுக்குத் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருந்தன.

இப்போது 1923க்குத் திரும்புவோம். மண்டபத்தில் நின்ற ஆயர் இரண்டு காரியங்களைச் சொன்னார்.

முதலாவது: நற்கருணைப் பேழைக்கான உரிமையில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். இந்த முதற் பாதியை இன்று பலர் சொல்லாமல் விடுகிறார்கள். சமூகப் பணி பற்றிப் பேசுவோருக்கு அது வசதியில்லை. ஆனால் களைத்துப்போயிருந்த அந்தக் குருக்களுக்கு அதுவே முதலில் தேவைப்பட்டது. நீங்கள் காத்துவந்தது வீண் அல்ல, உங்கள் செபம் வீண் அல்ல என்று அவர் அவர்களுக்கு உறுதி கொடுத்தார். இடம்பெயரும்போது சுருவத்தையும் செபப் புத்தகத்தையும் நெல்மூட்டைக்கு முன்னர் தூக்கியவர்கள் எங்களில் உண்டு. அவர்களுக்கு இது விளங்கும்.

இரண்டாவது, அந்த உரிமைக்குப் போராடுகிறவர்கள் பேழைக்கு முன்னிருந்து எழுந்து வெளியே வரும்போது அதே கிறிஸ்துவைத் தெருவில் தேடிப்போகவேண்டும் என்றார். சேரியில் இருக்கும் இயேசுவுக்காக மனம் இரங்காதவர் பேழையில் இருக்கும் இயேசுவை வணங்குவதாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பதே அவருடைய உரையின் மையம். தமக்குப் பொருளாதாரமும் தெரியாது, அரசியலும் தெரியாது, தாம் பேசுவது நற்செய்தியை என்றும் சொன்னார். ஆனால் அவர் எடுத்துக்காட்டியவை எவை? கொடுக்கும் கூலி, வேலை செய்யும் நிலைமை, தெருமட்டத்துக்குக் கீழே ஈரத்தில் குடியிருக்கும் வீடு. தொழிலாளரின் இரத்தத்தைப் பிழிந்து பணம் சேர்க்கும் ஒருவர் நல்ல ஆங்கிலோ-கத்தோலிக்கராக இருக்கலாம் என்று நீங்கள் எண்ணினால், நற்கருணையில் உள்ள ஆண்டவரை நீங்கள் இன்னும் அறியவில்லை என்ற கருத்தில் தமக்கு ஆதரவான கூட்டத்தின் முகத்துக்கு நேரே சொன்னார். இறுதியில், சீடரின் பாதங்களைக் கழுவிய ஆண்டவரின் துவாயை அரையில் கட்டிக்கொண்டு, நம்பிக்கை இழந்தவர்களிடம் போகும்படி அனுப்பினார்.

சுற்றறிக்கை எழுதியவர்களும் ஊக்கப்படுத்தல் என்ற சொல்லைத்தான் கையாண்டார்கள். அங்கே, எளியவனைப் பலசாலியின் தோட்டத்துக்குத் தள்ளுவதற்கு அது பயன்பட்டது. இங்கே ஆயர், தம்மைக் கொண்டாடும் மக்களை எளியவனின் வாசலுக்கு அனுப்பினார்.

வெஸ்ரனைக் குறையில்லாத மனிதராகக் காட்ட நாங்கள் விரும்பவில்லை. பிற சபைகளோடு அவர் கடுமையாக நடந்தவர். 1913இல் கென்யாவின் கிகுயு என்னும் இடத்தில் அங்கிலிக்கரும் வேறு சபையாரும் ஒன்றாக நற்கருணை பெற்றபோது, அதற்கு இடமளித்த ஆயர்கள் இருவரை விசாரிக்கும்படி கேட்டார். ஒரே தறப்பாள் கொட்டிலில் மூன்று சபையார் மாறி மாறி ஆராதனை நடத்திய எங்களுக்கு இது கசக்கின்றது. பின்னர், 1920இல் ஆயர்கள் விடுத்த ஒன்றிப்புக்கான அழைப்பை அவர் ஆதரித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மாநாட்டுக்கு அடுத்த ஆண்டு, 1924 நவம்பர் 2ஆம் நாள், தம் மறைமாவட்டத்தின் பெருநிலப் பகுதியில் அவர் இறந்தார்.

அந்த 1924இலேயே பேசில் ஜெலிக்கோ என்ற இளம் ஆங்கிலோ-கத்தோலிக்கக் குரு, இலண்டனில் சோமர்ஸ் ரவுண் என்னும் சேரிப் பகுதியில் ஒரு வீடமைப்புச் சங்கத்தைத் தொடங்கினார். இச்சங்கம் வேலை செய்த விதத்தை நாங்கள் கவனிக்கவேண்டும். அவர்கள் தருமப் பொதி பங்கிடவில்லை. பங்குகளை விற்றும் கடன் பெற்றும் பணம் திரட்டி, மூட்டைப்பூச்சியும் எலியும் நிறைந்த பழைய வீடுகளை வாங்கி இடித்து, புதிய வீடுகளைக் கட்டினார்கள். அங்கே குடியிருந்தவர்களைத் தூரத்துக்கு அனுப்பாமல், அதே இடத்தில், அவர்களால் கொடுக்கக்கூடிய வாடகைக்கு மீண்டும் குடியமர்த்துவதே நோக்கம். வேலைத்தலமும் அயலும் உறவும் அங்கேதான் இருந்தன. மாற்றுக் காணி தருகிறோம், வேறிடம் போங்கள் என்று கேட்டுப் பழகிய எங்கள் வாசகர்களுக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது தெரியும். ஜெலிக்கோ 1935இல், 36 வயதில் இறந்தார். வீடுகள் நிலைத்தன.

குழுவில் கதைப்பதற்குச் சில விடயங்களைத் தருகின்றோம்.

உங்கள் ஆலயத்தில் அல்லது கோயில் திருவிழாவில் சென்ற ஆண்டு எவற்றுக்குப் பணம் செலவாயிற்று என்பதை நினைவிலிருந்து எழுதுங்கள். திருவிழாவை நிறுத்து என்று நாங்கள் சொல்லவரவில்லை, வெஸ்ரனும் அப்படிச் சொல்லவில்லை. ஆலயத்திலிருந்து நூறு யார் தூரத்துக்குள் காணி உறுதி இல்லாமல், கிணறு இல்லாமல் இருக்கும் குடும்பங்கள் எத்தனை என்பதையும் பக்கத்திலே எழுதுங்கள்.

"உங்களில் கிறிஸ்துவைக் காண்கிறோம்" என்று யாராவது உங்களிடம் சொன்னதுண்டா? அப்படிச் சொன்னவர்கள் அதன் பின் என்ன செய்தார்கள்? உலர் உணவுப் பொதியோடு படம் எடுத்துவிட்டுப் போனார்களா, உங்கள் மனுவோடு கச்சேரிக்கு வந்தார்களா?

மூன்றாவது விடயம் எங்களுக்கே சுடும். எங்களில் சிலர் மீளக் குடியமர்ந்து, குளத்து நீர் கிடைத்து, காலபோகம் செய்யத் தொடங்கிவிட்டோம். நேற்று வந்த குடும்பம் இன்று எங்கள் வயலில் கூலிக்கு நிற்கின்றது. ஒரே வரம்பில் நின்று களை பிடுங்கும் பெண்ணுக்கு என்ன கொடுக்கின்றோம், ஆணுக்கு என்ன கொடுக்கின்றோம்? அவர்களுக்கு வேறு வழியில்லை என்பதற்காகக் குறைத்தோமா? அந்தக் கூலியை யார் நிர்ணயித்தது? இதைக் கதைக்கும்போது கூலிக்கு நிற்பவர்களும் குழுவில் இருக்கவேண்டும். அவர்களை முதலில் பேசவிடுங்கள்.

கதைத்து முடிந்ததும், உங்கள் பங்குக் குருவிடம் அல்லது போதகரிடம் கேட்கவேண்டியவற்றை இரண்டு வரிசையாக எழுதுங்கள். ஆலயத்துக்குள் அவரிடம் எதிர்பார்ப்பது ஒன்று, ஒழுங்கையில் எதிர்பார்ப்பது மற்றது. இரண்டிலும் குறைந்தது ஒன்றாவது இருக்கட்டும். அடுத்த பூசைக்கு அவர் வரும்போது தாளை ஒளித்து வைக்காமல் கையில் கொடுங்கள். தேத்தண்ணீர் போட்டு, இருக்கச் சொல்லி, அவருக்கு என்ன கஷ்டம் என்றும் கேளுங்கள்.