நீலப்பச்சைப் பாசியும் அதன் சர்க்கரைக் கணக்கும்

ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் சென்னைத் தரமணியில் தெருவோரப் பள்ளங்களில் தேங்கிய நீரின்மேல் வழுவழுப்பான பச்சைப் படலம் படர்வதைக் காணலாம். நகரத்தார் அதனை அழுக்கு என்று ஒதுக்குவர். இத்தகைய படலங்களில் காணப்படும் நீலப்பச்சைப் பாசிகளுள் சில, நெல் பயிரிடுவோருக்கு உரமாகும். இந்திய நெல் வயல்களில் இப்பாசிகள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்ப்பதை பி. கே. டே 1939-ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டி. வி. தேசிகாச்சாரி இப்பாசி இனங்களை விரிவாக விளக்கி எழுதிய நூல் 1959-இல் வெளிவந்தது.

"பாசி உரமும் தூவினேன், யூரியாவும் இட்டேன். பாசியினால் தனிப் பலன் ஒன்றும் தெரியவில்லையே" என்று விவசாயிகள் கேட்பதுண்டு. இதற்கு விடை பாசியின் உடலுக்குள்ளேயே இருக்கிறது.

மடை மாறும் சர்க்கரை

பயிரைப் போலவே பாசியும் வெயிலைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கிறது. நீரில் தழைச்சத்து தாராளமாக இருந்தால், அச்சர்க்கரையிலிருந்து கிடைக்கும் கரிமப் பொருளோடு தழைச்சத்தைச் சேர்த்துப் புரதமாக்கிப் பாசி விரைந்து பெருகும். தழைச்சத்து குறைந்தால், அதனோடு சேரக் காத்திருக்கும் ஆக்சோகுளூட்டரேட் என்னும் பொருள் செல்லுக்குள் தேங்குகிறது. இந்தத் தேக்கமே பாசிக்குப் பஞ்சத்தின் அறிகுறி.

அப்போது என்ன நடக்கிறது? வாய்க்காலில் ஒரு மடையை அடைத்தால் நீர் வேறு வயலுக்குப் பாய்வதில்லையா, அதுபோலத்தான். இந்த மடை எது என்பதை ஜெர்மனியிலுள்ள டியூபிங்கன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2021-இல் விளக்கினார்கள். பஞ்ச காலத்தில் ஒரு சிறு புரதம் விடுபட்டுச் சென்று, சர்க்கரை புரதத் தயாரிப்பின் பக்கம் போகும் வழியில் உள்ள நொதியைத் தடுக்கிறது. சர்க்கரை திரும்பி, கிளைக்கோஜன் என்னும் மாவுப் பொருளாகச் சேமிக்கப்படுகிறது. நாம் குதிரில் நெல் சேர்ப்பது போன்றதே இது. காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்க இயலாத சில இனங்களில், இம்மாவு உலர் எடையில் ஏறத்தாழப் பாதி அளவுக்குக்கூடச் சேர்வதுண்டு. அப்போது அவை நிறம் வெளுத்து மஞ்சளாகும், ஆனால் சாவதில்லை. தழைச்சத்து மீண்டும் கிடைத்ததும் சேமித்த மாவைச் செலவழித்து ஓரிரு நாட்களில் பச்சை கட்டும்.

உழைக்கும் செல்லுக்குக் கஞ்சி

நமக்கு வேண்டியவை அனபீனா, நாஸ்டாக் போன்ற இழைப் பாசிகள். தழைச்சத்து இல்லாதபோது இவை வேறு வழியையும் கையாளுகின்றன. இழையிலுள்ள பத்து முதல் இருபது செல்களுக்கு ஒன்று, ஏறத்தாழ ஒரு நாளில், தடித்த சுவருடைய ஹெட்டிரோசிஸ்ட் என்னும் தனிச் செல்லாக மாறுகிறது. காற்றுத் தழைச்சத்தைப் பிடிக்கும் நொதிக்குப் பிராணவாயு ஆகாது. ஆகவே இச்செல் பிராணவாயு வெளியிடும் வேலையை நிறுத்திவிடுகிறது. அதனால் தனக்கு வேண்டிய சர்க்கரையையும் தயாரிக்க இயலாமற் போகிறது. ஏற்றம் இறைப்பவருக்கு வீட்டார் கஞ்சி கொண்டுபோவது போல, பக்கத்துச் செல்கள் சர்க்கரை அனுப்புகின்றன. அது சுக்ரோஸ், நம் கரும்பில் உள்ள அதே சர்க்கரை. ஹெட்டிரோசிஸ்ட் அதை உடைத்துச் சக்தி பெற்று, பிடித்த தழைச்சத்தைக் குளூட்டமின் வடிவில் திருப்பித் தருகிறது.

இவ்வேலைக்குச் சர்க்கரைச் செலவு மிக அதிகம். நீரிலேயே தழைச்சத்து கிடைக்கும்போது எந்தப் பாசியும் இப்படிச் செலவழிக்காது. வயல் நீரில் யூரியாவை வீசிவிட்டுப் பாசி தூவினால் புதிய ஹெட்டிரோசிஸ்ட் உருவாவது தடைப்படும். பாசி வளரும்; உரம் சேராது. இன்னொரு நட்டமும் உண்டு. பகலில் பாசி கரியமில வாயுவை இழுப்பதால் நீரின் காரத் தன்மை கூடி, யூரியாவிலிருந்து வந்த அம்மோனியா காற்றில் கலந்து வீணாகிறது.

வயலில் செய்ய வேண்டியது

நட்ட பத்தாம் நாள், வயலில் சிறிது நீர் நிற்கும்போது ஏக்கருக்கு 4 கிலோ உலர் பாசியை மணலோடு கலந்து சீராகத் தூவவும். அதன்பின் வயலைக் காயவிடக் கூடாது. மணிச்சத்து இல்லாமல் பாசி பெருகாது. அடியுரமாகச் சூப்பர் பாஸ்பேட்டைத் தவறாமல் இடவும். யூரியாவைப் பாசி தூவும் நாட்களில் நீரில் வீசாமல், அடியுரப் பங்கைச் சேற்றில் கலந்தும், மேலுரத்தை நீரை வடித்த பின்னும் இடுவது நல்லது.

நன்கு வளர்ந்த பாசி எக்டருக்கு 20 முதல் 30 கிலோ தழைச்சத்து தரும். 20 கிலோ என்று வைத்தாலும் யூரியாவில் அது ஏறத்தாழ ஒரு மூட்டைக்கு, அதாவது 45 கிலோவுக்குச் சமம். இச்சத்தின் பெரும்பகுதி பாசி மடிந்து மக்கிய பிறகே பயிருக்குக் கிட்டும். ஆகையால் முதல் போகத்திலேயே யூரியாவை முழுதும் நிறுத்துவது சரியன்று. அடுத்தடுத்து மூன்று, நான்கு போகம் தூவி வந்தால் வயலிலேயே பாசி நிலைத்துவிடும்.