புகைபோக்கிக்கும் ஒரு போர்வை

மைசூரில் நான் வசிக்கும் தேவராஜ மொஹல்லாவின் பழைய வீடுகள் சிலவற்றில் குளியலறைச் செப்பு அண்டாவும், அதன் கீழ் விறகடுப்பும், ஓட்டுக்கூரையைத் தாண்டி எழும் புகைபோக்கியும் இன்றும் உள்ளன. ஊட்டியின் பழைய பங்களாக்களில் கணப்பு அடுப்பு உண்டு. குளிர்நாடுகளில் குடியேறிய நம் பிள்ளைகள் சிலர் வீட்டில் இரும்பு விறகடுப்பே வைத்திருக்கிறார்கள். இவை அனைத்துக்கும் விதி ஒன்றுதான்: புகை சூடு ஆறாமல் வெளியேற வேண்டும்.

1979ல் திறக்கப்பட்ட மைசூர் ரயில் அருங்காட்சியகத்தில் நீராவி எஞ்சின்களைக் காணலாம். எஞ்சின் பாய்லரின் மேல் நம் கண்ணுக்குத் தெரியும் தகடு வெறும் மேலுறையே. அதற்குள் வெப்பம் வீணாகாமல் காக்கும் ‘லாகிங்’ இருக்கும். எஞ்சினில் சிலிண்டரிலிருந்து பீறிடும் நீராவியே புகையை இழுத்துச் செல்லும். வீட்டுப் புகைபோக்கிக்கு அந்த உதவி இல்லை. சூடு ஒன்றே அதன் இழுவிசை.

ஒரு சிறு கணக்கு பார்ப்போம். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிலோ. 200 டிகிரிப் புகை சுமார் 0.75 கிலோ, 100 டிகிரியில் 0.95 கிலோ. ஆகவே 6 மீட்டர் புகைபோக்கியில் புகையின் சராசரிச் சூடு 200லிருந்து 100 டிகிரிக்கு இறங்கினால், இழுவிசை 2.5 மில்லிமீட்டர் நீரழுத்தத்திலிருந்து 1.3 ஆகக் குறைகிறது. ஏறக்குறைய பாதி!

இழுவை குறைந்தால் புகை வீட்டுக்குள் திரும்பும். அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய குளியலறையில் உயிரையே பறிக்கும். மேலும், சுமார் 120 டிகிரிக்குக் கீழே புகையிலுள்ள தார் குழாய்ச் சுவரில் படியும். அது என்றாவது தீப்பற்றினால் வெப்பம் 1000 டிகிரியை எட்டக்கூடும். கூரையின் மரச்சட்டங்களுக்கு அதுவே எமன்.

இதற்குப் பரிகாரம் என்ன? முதலில் பழைய செங்கல் புகைபோக்கியின் தாரைச் சுரண்டி அகற்றுங்கள். உள்ளே அடிமுதல் நுனிவரை ஒரே அளவான துருப்பிடிக்காத எஃகுக் குழாயை இறக்குங்கள். இறக்குமுன் அதைச் சுற்றி 25 மில்லிமீட்டர் செராமிக் ஃபைபர் போர்வையை இடைவெளியின்றிச் சுற்றி, எஃகு வலையால் இறுக்குங்கள். அந்த வேலையின்போது முகமூடியும் கையுறையும் அவசியம். போர்வைக்குப் பதிலாக, வெர்மிகுலைட்டுடன் சிறிது சிமெண்ட் கலந்து குழாய்க்கும் செங்கல்லுக்கும் நடுவே நிரப்பலாம். உச்சியைத் தகட்டால் மூடி, குழாய் வாய்க்குத் தொப்பி வையுங்கள். நனைந்த காப்பு பயன் தராது.

கல்நார் மட்டும் வேண்டவே வேண்டாம். அக்கால எஞ்சின்களில் அது தாராளமாகப் பயன்பட்டது. அதன் தூசி புற்றுநோய் தரும் என்பது இன்று ஐயமற உறுதியான செய்தி. கல்நார் சிமெண்ட் குழாயோ கடும் சூட்டில் வெடித்துச் சிதறும். உங்கள் வீட்டில் அது இருந்தால் நீங்களே அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம், அனுபவமுள்ளவரை அழையுங்கள்.

மரச்சட்டம் எதுவும் புகைக்குழாயைத் தொடக்கூடாது. விறகை நன்கு உலர்த்துங்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் குழாயைத் துடையுங்கள். அடுப்பு எரியும் அறையில் காற்று வர வழி இருக்கட்டும். குளிர்காலம் தொடங்குமுன் இவற்றை ஒருமுறை சரிபார்த்துவிடும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.