முதல் பீடி எத்தனை மணிக்கு?



மார்கழி, தை மாதங்களில் உதகையிலும் குன்னூரிலும் விடியற்காலை எப்படியிருக்கும் என்று மலையில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். புல்லின்மேல் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்கும். எஸ்டேட் லைன் வீட்டில் ஒருவர் கண் விழிக்கிறார். கம்பளியை விலக்குமுன் அவருடைய கை தலைமாட்டில் தீப்பெட்டியைத் தேடுகிறது. அதன் பக்கத்திலேயே பீடிக்கட்டு இருக்கிறது. அடுப்புப் பற்றவைக்கப்படுமுன் பீடி பற்றவைக்கப்படுகிறது.

இந்தச் சிறிய காரியத்தைக் குறித்தே இம்முறை உங்களோடு சற்றுச் சிந்திக்க விரும்புகிறோம். புகைப்பவரை அந்தப் பழக்கத்தை விடத் தூண்டுவது எது? விட்டவர்களில் யார் நிலைத்து நிற்பார் என்பதை எதைக்கொண்டு அறியலாம்? இரண்டும் ஒரே கேள்வி என்றே நாங்கள் பல ஆண்டுகள் எண்ணியிருந்தோம். அப்படியல்ல என்பதை ஒரு நோயாளியிடமிருந்து கற்றுக்கொண்டோம்.

நாங்கள் செய்த தவறு

அவர் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வேலை செய்பவர். வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. மூச்சுத்திணறலால் வார்டில் சேர்க்கப்பட்டிருந்தார். ஐந்தாம் நாள் நாங்கள் அவருடைய படுக்கையருகே சென்றபோது, சட்டைப்பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து எங்கள் கண்முன்னே குப்பைக்கூடையில் போட்டார். "இனிமே தொடமாட்டேன் ஐயா. எம் பேத்தி மேல சத்தியம்" என்று கண்ணீர் விட்டார். நாங்கள் மகிழ்ந்தோம், அவரோடு ஜெபித்தோம், வீட்டுக்கு அனுப்பிவைத்தோம்.

இரண்டு மாதம் கழித்து அதே மூச்சுத்திணறலோடு திரும்பி வந்தார். சட்டையில் பீடி வாடை வீசியது. "சத்தியம் பண்ணினீங்களே, உண்மையிலேயே மனசு வச்சுத்தான் பண்ணினீங்களா?" என்று கேட்டோம்.

"மனசு வச்சேன் ஐயா. காலையில எந்திரிச்சா கை தானாப் போகுது" என்றார்.

அதை ஒரு சாக்குப்போக்கு என்றே எடுத்துக்கொண்டோம். மறுநாள் நாங்கள் வார்டுக்குள் நுழைந்ததும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் உறங்கவில்லை என்பது அவருடைய மூச்சிலேயே தெரிந்தது. நோயாளிக்கு ஆறுதலாயிருக்க வேண்டியவர்களைக் கண்டு ஒரு நோயாளி ஒளிந்துகொண்டார்.

வார்டில் நெடுநாள் வேலை செய்த ஒரு செவிலியர் இதைக் கவனித்துவிட்டு எங்களிடம் சொன்னார்: "மனசு வச்சீங்களான்னு கேக்காதீங்க ஐயா. முதல் பீடி எத்தனை மணிக்குன்னு கேளுங்க." அதன் பொருளைத் தேடிப் படித்தபோதுதான் எங்கள் தவறு எங்களுக்கு விளங்கியது.

விடத் தூண்டுவது எது?

விருப்பம் இல்லாதவர்களே புகைக்கிறார்கள் என்று நினைப்பது சரியல்ல. 2016-17-ல் இந்தியா முழுவதும் எடுக்கப்பட்ட பெரியவர்களின் புகையிலைப் பழக்கக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 55.4 சதவீதத்தினர் விட்டுவிட எண்ணியிருப்பதாகச் சொன்னார்கள். முந்தைய ஓராண்டுக்குள் 38.5 சதவீதத்தினர் விட முயன்றும் இருந்தார்கள்.

அவர்களைத் தூண்டியவை பல. முதலாவது உடல்நலம். இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்பவரும் அவருடைய தோழர்களும் 1951 முதல் 34,439 ஆண் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2004-ல் வெளியிட்ட முடிவு இது: தொடர்ந்து புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார். 60 வயதில் விடுபவர் அதில் சுமார் 3 ஆண்டுகளையும், 50-ல் விடுபவர் 6 ஆண்டுகளையும், 40-ல் விடுபவர் 9 ஆண்டுகளையும் மீட்டுக்கொள்கிறார். 30-ல் விடுபவர் ஏறக்குறைய முழுவதையும் மீட்டுக்கொள்கிறார். "இத்தனை வயசுக்கு மேல விட்டு என்ன?" என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எங்களுக்குத் தெரியவில்லை.

நம் மாநிலத்திலேயே சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் டாக்டர் கஜலட்சுமி தலைமையில் நடந்த பெரிய ஆய்வு 2003-ல் வெளிவந்தது. சுமார் 43,000 ஆண்களின் மரணங்கள் அதில் ஆராயப்பட்டன. புகைக்கும் ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு என்று கண்டார்கள். நெருக்கமான லைன் வீடுகளில் குடும்பத்தோடு வாழ்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

இரண்டாவது, மருத்துவரின் வார்த்தை. 1979-ல் லண்டனில் மைக்கேல் ரசல் என்பவர் செய்த ஆய்வில், மருத்துவர் ஓரிரு நிமிடம் "விட்டுவிடுங்கள்" என்று சொல்லி, ஒரு துண்டுப்பிரதியும் கொடுத்து, மறுபடி விசாரிப்போம் என்றும் சொன்னபோது, 5.1 சதவீதத்தினர் ஓராண்டு முடிவிலும் புகைக்காதிருந்தார்கள். எதுவும் சொல்லப்படாதவர்களில் அது 0.3 சதவீதம் மட்டுமே.

மூன்றாவது, எச்சரிக்கைப் படங்கள், பீடிக்குப் போகும் காசு, பிள்ளைகளின் சொல். "தாத்தா, உங்க மேல நாத்தம்" என்று பேத்தி மூக்கைப் பொத்திக்கொண்டால், எங்கள் பிரசங்கத்தைவிட அது ஆழமாய்ப் பாய்கிறது.

நிலைக்க வைப்பது எது?

இங்கேதான் நாங்கள் தடுமாறினோம். பொதுமக்களிடையே பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஒருவர் விட முயல்வாரா என்பதை அவருடைய விருப்பம் முன்னறிவித்தது. ஆனால் முயன்றவர் வெற்றி பெறுவாரா என்பதை அந்த விருப்பம் அவ்வாறு முன்னறிவிக்கவில்லை. அதைத் தொடர்ந்து முன்னறிவித்தது, புகையிலை அவரை எவ்வளவு இறுகக் கட்டியிருந்தது என்பதே.

அந்தக் கட்டின் இறுக்கத்தை அளக்க எளிய வழியைக் காட்டியவர் சுவீடன் நாட்டின் கார்ல் ஃபாகர்ஸ்ட்ராம். அவருடைய கேள்விகளில் முக்கியமானது இது: கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி? காரணம் இருக்கிறது. இரத்தத்திலுள்ள நிக்கோடின் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. இரவு முழுவதும் உறங்கி எழுபவரின் உடலில் அது மிகவும் வற்றியிருக்கும். ஐந்து நிமிடத்துக்குள் பற்றவைப்பவரின் உடல் அதற்காகக் கதறுகிறது. காலை உணவுக்குப் பிறகு நிதானமாகப் பற்றவைப்பவர் அத்தனை இறுக்கமாய்க் கட்டப்பட்டவர் அல்ல.

நம்முடைய கவாத்துக்காரர் படுக்கையை விட்டு எழுமுன்னே பற்றவைப்பவர். அவருடைய கண்ணீர் பொய்யல்ல. "கை தானாப் போகுது" என்றபோது அவர் சாக்குச் சொல்லவில்லை. தன் நோயின் அறிகுறியைச் சொன்னார். நாங்கள்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

துணையின்றித் தானாகவே விட முயல்பவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரே ஓராண்டளவு நிலைக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. விழுபவர்களில் மிகுதியானோர் முதல் வாரத்திலேயே விழுகிறார்கள். எரிச்சல், தூக்கமின்மை, தவிப்பு ஆகியவை அந்த வாரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணியும். இதை முன்னரே அறிந்தவர் தவிப்பு வரும்போது திகைக்கமாட்டார்.

குளிருக்கு ஒரு பீடியா?

"பீடி இல்லாட்டிக் குளிர் தாங்காது ஐயா" என்பது மலையில் அடிக்கடி கேட்கும் பேச்சு. உண்மை அதற்கு எதிரானது. நிக்கோடின் தோலிலுள்ள இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. ஆகவே விரல்களும் பாதங்களும் இன்னும் குளிர்ந்துபோகின்றன. பீடி சிகரெட்டைவிடச் சாது என்பதும் தவறான எண்ணமே. இலையில் சுற்றிய பீடி அணையாதிருக்க அதை அடிக்கடி, ஆழமாய் இழுக்க வேண்டியிருக்கிறது. கைக்குச் சூடு தருவது சுக்குக் காப்பியும் கம்பளியும்தான்.

வீட்டாரின் பங்கு

கார்த்திகை மாதம் சபரிமலைக்கு மாலை போடும் நம் அயலகத்தாரைக் கவனித்திருப்பீர்கள். நாளெல்லாம் பீடி பிடித்தவர் நாற்பத்தொரு நாள் அதைத் தொடாமலிருக்கிறார். லெந்து நாட்களில் நம் சபைகளிலும் சிலர் அவ்வாறே இருக்கிறார்கள். மாலை போட்டவரைச் சுற்றி நடப்பதைப் பாருங்கள். வீட்டார் அவரைச் சாமி என்று அழைக்கிறார்கள். சமையல் மாறுகிறது. டீக்கடையில் யாரும் அவரிடம் பீடியை நீட்டுவதில்லை. கூட மாலை போட்டவர்கள் இருக்கிறார்கள். மாலையைக் கழற்றும் நாளில் இந்த வேலி முழுவதும் ஒரே நேரத்தில் எடுபட்டுப்போகிறது. பலர் அன்றே பழையபடி ஆகிவிடுகிறார்கள். ஆள் அதே ஆள்தான்; வேலிதான் இல்லை.

அமெரிக்காவில் ஃபிராமிங்காம் என்ற ஊரை மையமாகக் கொண்ட நீண்டகால ஆய்வில், 1971 முதல் 2003 வரை 12,067 பேரைக் குறித்த விவரங்களை ஆராய்ந்தார்கள். கணவன் மனைவியரில் ஒருவர் விட்டபோது, மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. நண்பர் விட்டபோது 36 சதவீதம் குறைந்தது. ஒருவர் தனியே விடுவதைவிடச் சேர்ந்து விடுவது எளிதென்று இதிலிருந்து அறிகிறோம்.

கூட நடப்பவர்கள்

கேரளத்தில் புகைக்கும் பழக்கமுள்ள 224 சர்க்கரை நோயாளிகளிடையே நடந்த ஆய்வொன்று 2013-ல் வெளிவந்தது. மருத்துவரின் அறிவுரையும் துண்டுப்பிரதியும் மட்டும் பெற்றவர்களில் 12.5 சதவீதத்தினர் ஆறு மாதம் கழித்துப் புகைப்பதில்லை என்றார்கள். அவற்றோடு, மருத்துவரல்லாத ஒரு சுகாதாரப் பணியாளர் தனியே உட்கார்ந்து பேசிய பிரிவில் அது 51.8 சதவீதமாயிருந்தது. அவர்களே சொன்ன கணக்குதான் என்றாலும் வித்தியாசம் பெரிது. உட்கார்ந்து பேசியவர் மருத்துவப் பட்டம் பெற்றவரல்ல என்பதைக் கவனியுங்கள்.

மருத்துவமனையில் படுத்திருக்கும்போது தொடங்கும் ஆலோசனையைக் குறித்தும் பல ஆய்வுகள் உண்டு. வீடு திரும்பியபின் குறைந்தது ஒரு மாதம் அது தொடர்ந்தால்தான் பலன் தெளிவாய்த் தெரிகிறது. நாங்கள் அந்தக் கவாத்துக்காரரை வாசல்வரை மட்டுமே கொண்டுபோய் விட்டிருந்தோம்.

இறுகக் கட்டப்பட்டவருக்கு மருந்தும் உதவும். நிக்கோடின் சூயிங்கம், ஒட்டும் பட்டை போன்றவை வெற்றி வாய்ப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகின்றன. மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். மருந்தை நாடுவது விசுவாசக் குறைவல்ல. காசநோய்க்கு மாத்திரை விழுங்குவதை யாரும் அப்படிச் சொல்வதில்லையே. கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைப்பதைவிட ஒரு நாளைக் குறித்து ஒரேயடியாய் விடுவதே மேல் என்று 2016-ல் இங்கிலாந்தில் 697 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. 1800-11-2356 என்ற கட்டணமில்லா அரசுத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். 2018 முதல் புகையிலைப் பொட்டலங்களிலேயே அது அச்சிடப்படுகிறது.

மீண்டும் அவரிடம்

நாங்கள் அவரிடம் போய் முதலில் மன்னிப்புக் கேட்டோம். பிறகு, "முதல் பீடி எத்தனை மணிக்கு?" என்று கேட்டோம். சுவர்ப்பக்கமிருந்து திரும்பினார். "அஞ்சரைக்கு ஐயா. கண்ணு முழிக்கிறப்பவே" என்றார். அன்றைக்குத்தான் உண்மையான பேச்சுத் தொடங்கியது.

மருத்துவர் மருந்தைப் பார்த்துக்கொண்டார். அவருடைய மனைவி தீப்பெட்டியைத் தலைமாட்டிலிருந்து எடுத்து, அந்த இடத்தில் கட்டங்காப்பி நிரப்பிய பிளாஸ்க்கை வைத்தார். கூட வேலை செய்யும் மைத்துனரும் அவரோடு விடச் சம்மதித்தார். வாரம் ஒருமுறை யாராவது அவரைப் போய்ப் பார்த்தார்கள். அந்த முறையும் ஒரு சம்பள நாளில் தவறினார். ஆனால் இம்முறை ஒளிந்துகொள்ளவில்லை. மறுநாளே வந்து சொன்னார். மறுபடி தொடங்கினார். கடைசியாக நாங்கள் அவரைக் கண்டபோது ஏழு மாதம் ஆகியிருந்தது. கெட்டுப்போன நுரையீரல் புதிதாகிவிடவில்லை. லைன் வீட்டிலிருந்து சாலைக்கு ஏறும் மேட்டில் இரண்டு இடத்தில் நிற்கிறார். முன்பு ஐந்து இடத்தில் நின்றவர்.

சிந்தனைக்குச் சில கேள்விகள்

1. உங்கள் வீட்டில் புகைப்பவர் அல்லது புகையிலை மெல்பவர் உண்டா? கண் விழித்து எத்தனை நிமிடத்தில் அதைத் தேடுகிறார் என்று அன்பாய்க் கேட்டதுண்டா?

2. அவர் விட்டுவிட்டால், முதல் வாரத்தில் வீட்டில் எதை மாற்றி வைப்பீர்கள்? தீப்பெட்டியின் இடத்தில் எதை வைப்பீர்கள்?

3. அவரோடு சேர்ந்து விடக்கூடியவர் யார்? ஒரு மாதம்வரை அவரை விசாரிக்கப்போவது யார்?

4. அவர் தவறி விழுந்தால், நம் முகத்தைக் கண்டு ஒளிவாரா, வந்து சொல்வாரா?

கடைசிக் கேள்வியை நாங்கள் எங்களையே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மலையின் வார்டுகளில் படுத்திருக்கும் இவர்களை உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.