சக்கையும் தீவனமாகும்

கெடா மாநிலத்தின் கூலிம், சுங்கைப் பட்டாணி வட்டாரங்களில் முன்பு ரப்பர் தோட்டங்கள் நிறைந்திருந்தன. தோட்ட மக்கள் பலர் மாடு வளர்த்தனர். தோட்டத்துப் புல்லே மாடுகளுக்குத் தீனியாயிற்று. காலப்போக்கில் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின; மேய்ச்சல் நிலம் சுருங்கியது. இனி மாடுகளுக்கு எதைக் கொடுப்பது?

விடை செம்பனையிலேயே இருக்கிறது. 100 கிலோ பழக்குலையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். பழத்தைப் பிழிந்தபின் எஞ்சும் நார் பெரும்பாலும் ஆலையின் கொதிகலனில் எரிக்கப்படுகிறது. மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் உள்ளன. முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள் நாரைச் சிதைத்து மாட்டுக்கு ஆற்றல் தருகின்றன. மனிதனால் செரிக்க முடியாதது மாட்டுக்கு உணவாகிறது.

எனினும், பிழிந்த நார் எளிதில் செரிக்காது. அதை மட்டும் கொடுத்தால் வயிறு நிரம்புமே தவிர உடல் தேறாது. ஆகவே, அதனை அளவாகவே சேர்க்க வேண்டும். செம்பனைப் பருப்பிலிருந்து எண்ணெய் எடுத்தபின் கிடைக்கும் புண்ணாக்கில் சுமார் 16 விழுக்காடு புரதம் உண்டு. நாருடன் இதைக் கலந்தால் தீவனம் சத்துள்ளதாகும். மார்டி ஆய்வாளர்கள் செம்பனை மட்டையையும் தீவனமாக்க ஆய்வு செய்துள்ளனர். மட்டையைச் சிறு துண்டுகளாக்கி, காற்றுப் புகாமல் அழுத்தி மூடிவைத்தால் அது புளித்து, கெடாமல் இருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. புண்ணாக்கிலுள்ள செம்புச்சத்தை மாடு தாங்கும், செம்மறியாடு தாங்காது. அளவு மிஞ்சினால் ஈரல் கெட்டு இறந்துவிடும்.

மலேசியர் உண்ணும் மாட்டிறைச்சியில் பெரும்பகுதி வெளிநாடுகளிலிருந்து வருகிறது. ஆலையின் கழிவை அறிந்து பயன்படுத்தினால், சிறு வளர்ப்பாளரின் செலவு குறையும். நாட்டின் இறக்குமதியும் குறைய வழி பிறக்கும்.