மாக்ஸ் எழுதும் கடிதங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

முதல் படமே ஓடிவிட்டது. கட்அவுட், பாலாபிஷேகம் எல்லாம் கேள்விப்பட்டேன், சந்தோஷம். அடுத்த படத்துக்குக் கதை கேட்க உட்காருமுன் பில்லி வைல்டரின் ‘சன்செட் பொலிவார்ட்’ (1950) பார்த்துவிடு.

நார்மா டெஸ்மண்ட் மௌனப்பட நாயகி. பேசும்படம் வந்ததும் மார்க்கெட் போய்விட்டது. அது அவளுக்கு உறைக்கவே இல்லை. ரசிகர் கடிதங்கள்தான் வந்துகொண்டே இருக்கின்றனவே! எழுதுவது அவள் வீட்டு வேலைக்காரன் மாக்ஸ். ஒரு காலத்தில் அவளை இயக்கியவன், முதல் கணவனும்கூட. பாசத்தில்தான் எழுதுகிறான், அதுதான் கொடுமை. உன்னை டிரெண்டிங்கில் வைக்க ஆள் போட்டிருக்கிறாயாமே. நீ சம்பளம் கொடுத்து மாக்ஸ் வைத்திருக்கிறாய், அவ்வளவுதான்.

ஸ்டுடியோ காட்சியை நிதானமாகப் பார். பாரமவுண்டிலிருந்து போன்மேல் போன். தன் கதையைப் படமாக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நார்மா கிளம்பிப் போகிறாள். இயக்குநர் டிமில் (நிஜ டிமிலேதான்) தன் நாற்காலியில் உட்காரவைக்கிறார். நகர்ந்து வரும் மைக் அவள் தொப்பி இறகை உரச, எரிச்சலோடு தள்ளிவிடுகிறாள். மேலேயிருந்து பழைய லைட்மேன் அடையாளம் கண்டு விளக்கை அவள்மேல் திருப்புகிறார். துணை நடிகர்கள் ஓடிவந்து சூழ்கிறார்கள். கொஞ்ச நேரம்தான். டிமில் ஒரு வார்த்தை சொன்னதும் விளக்கு திரும்புகிறது, கூட்டமும் கலைகிறது. அத்தனை போனும் எதற்கு? அவளுடைய பழைய கார் வேறொரு படத்துக்கு வாடகைக்கு வேண்டுமாம்.

நார்மாவாக நடித்த குளோரியா ஸ்வான்சனும் மௌனப்பட நட்சத்திரம்தான். ஆனால் வாய்ப்பு குறைந்ததும் வீட்டில் முடங்கவில்லை. நியூயார்க் போனார், கம்பெனி நடத்தினார், 1948இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியும் செய்தார். அதனால்தான் நார்மாவைக் கூச்சமில்லாமல் நடிக்க முடிந்தது என்பது என் கட்சி.

சீட்டாட்டக் காட்சியில் முகத்தில் சலனமே இல்லாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பஸ்டர் கீட்டன். 1920களில் சாப்ளினோடு சேர்த்துப் பேசப்பட்டவர். 1928இல் எம்.ஜி.எம்.முக்குப் போனார், படங்கள் அவர் கையைவிட்டுப் போயின. குடி வேறு. பிற்பாடு அதே கம்பெனியில் மற்ற நடிகர்களுக்கு நகைச்சுவை யோசித்துக் கொடுக்கும் வேலைக்கு உட்கார்ந்தார். திரையில் பேர்கூட வராது. தொழில் கையில் இருந்ததால் 1966இல் இறக்கும்வரை அவருக்கு வேலை இருந்தது.

அந்த டிரெண்டிங் பையனுக்கு வேறு வேலை பார்த்துக் கொடு. ஷூட்டிங் இல்லாத நாளில் எடிட்டிங் ரூமில் போய் உட்கார், நீ நடித்ததில் எதை வெட்டுகிறார்கள் என்று பார். அடுத்த படம் ஓடாவிட்டாலும் எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அண்ணன்