வீடு பார்க்க ஆள் அனுப்புகிறோமா?

சிதம்பரம் பக்கம் வீடு ஒன்று விலைக்கு வருகிறது. நமக்கோ நடவு வேலை. போய்ப் பார்க்க நேரமில்லை. தரகர் பேச்சை மட்டும் நம்பலாமா? விற்றால்தானே அவருக்குக் கமிஷன், குறையைச் சொல்வாரா? தெரிந்த கொத்தனாருக்கு ஒருநாள் கூலி கொடுத்து அனுப்புவோம். வீடு முடிந்தாலும் முடியாவிட்டாலும் கூலி உண்டு.

அவர் பார்த்து வர வேண்டியவை:

1. 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை நின்றது? அக்கம்பக்கத்துப் பெண்களைக் கேட்க வேண்டும்.
2. சுவரில் விரிசல், ஓதம் உண்டா?
3. பாதை, குடிதண்ணீர் உண்டா?
4. நான்கு எல்லையும் பத்திரப்படி இருக்கிறதா?

பட்டாவை இ-சேவை மையத்திலும், வில்லங்கச் சான்றை சார்பதிவாளர் அலுவலகத்திலும் நாமே வாங்கிப் பார்ப்போம். பார்க்கத்தான் ஆள், பவர் எழுதிக் கொடுக்க வேண்டாம். முன்பணம் கொடுக்குமுன் ஒருநடை நாமும் போய்வருவோம். சிறுகச் சிறுகச் சேர்த்த பணமாச்சே!