256 வாய்களின் கணக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் பிரெய்ரி நாய்களை ஏன் விஷம் வைத்துக் கொன்றார்கள் என்று கேட்டிருந்தாய். பெயரில்தான் நாய், அது அணில் குடும்பத்தைச் சேர்ந்தது, வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. அதற்கும் மாட்டுப் பண்ணையாளர்களுக்கும் இடையே நூறாண்டுக்கு மேலான பகை. புல்தரையைப் பார்க்காமல் போட்ட ஒரு கணக்கே அந்தப் பகையை வளர்த்தது என்பது என் கட்சி. 256 பிரெய்ரி நாய்கள் ஒரு பசுவின் தீவனத்தைத் தின்றுவிடும் என்று 1902-இல் ஹார்ட் மெரியம் என்ற அரசு விலங்கியலாளர் எழுதினார். தின்னும் வாய்கள் அதில் இருந்தன. மறுபடி வளரும் புல் இல்லை. பிறகு பல பத்தாண்டுகள் அரசே முன்நின்று விஷம் வைத்தது. கருவால் பிரெய்ரி நாய்கள் பரவியிருந்த நிலத்தில் இன்று அவற்றுக்கு மிஞ்சியிருப்பது சில விழுக்காடுதான்.

தெற்கு டகோட்டாவின் விண்ட் கேவ் பூங்காவில், காலை வெயில் ஏறுவதற்குள் ஓரமாக அமர்ந்து தொலைநோக்கியில் பார்ப்பவருக்கு வேறு கணக்கு கிடைக்கும். வளை மேட்டில் ஒன்று பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும். மற்றொன்று உயர்ந்த தண்டுகளைத் தின்னாமலே கடித்துச் சாய்க்கும்; கொயோட்டி என்ற வேட்டை விலங்கு வருவது தெரிய வேண்டுமே! எதிர்ப்படும் இரண்டு வாயோடு வாய் வைத்துப் பல்லைத் தொட்டுப் பார்க்கும். ஒரே குடும்பமானால் பக்கத்திலேயே மேயும், அந்நியமானால் துரத்தும். அதே பூங்காவில் பைசன் என்ற காட்டு மாடுகள் இந்தக் குட்டைப் புல்லைத் தேடி வந்து மேய்வதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். கிள்ளக் கிள்ளத் தளிர்க்கும் கீரையைப் போல, கடிபட்ட புல் இளந்தளிராகவே இருக்கிறது. அளவில் குறைவு, புரதத்தில் கூடுதல்.

"பைசன் விரும்பிய இடத்துக்குப் போகும், என் மாடு வேலிக்குள் நிற்கிறதே" என்று பண்ணையாளர் கேட்டால், அது நியாயமான கேள்வி. கொலராடோவின் வடகிழக்கில் அளந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மேய்ச்சல் நிலத்தில் 20 விழுக்காட்டைப் பிரெய்ரி நாய்கள் பிடித்திருந்தபோது இளங்காளைகளின் எடை வளர்ச்சியின் மதிப்பு சுமார் 5 விழுக்காடும், 60 விழுக்காட்டைப் பிடித்தபோது சுமார் 14 விழுக்காடும் குறைந்தது. இழப்பு உண்டு, ஆனால் பிடித்த நிலத்தின் அளவுக்கு இல்லை. வறட்சி ஆண்டில் அந்த 14 விழுக்காடு ஒரு குடும்பத்தையே ஆட்டிவிடும். அவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதற்காகப் பிரெய்ரி நாய் இனத்தையே துடைத்தெறிவது தீர்வாகாது. கருங்கால் ஃபெரட் என்ற சிறு ஊனுண்ணி ஏறக்குறைய இவற்றை மட்டுமே தின்று வாழ்கிறது. அற்றுப்போனதாகக் கருதப்பட்ட அது, 1981-இல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் கவ்வி வந்ததால் மீண்டும் தெரியவந்தது. கடைசியில் எஞ்சிய 18-ஐப் பிடித்துத்தான் இனம் பெருக்கினார்கள். பிரெய்ரி நாய்களைக் காப்பது நாட்டுக்கே நன்மை என்றால், செலவைப் பண்ணையாளர் தலையில் மட்டும் கட்டக்கூடாது. இழப்பீட்டை அரசு தர வேண்டும்.

பிரெய்ரி நாய்கள் பிளேக் பரப்புமே என்பார்கள். அந்தக் கிருமி 1900-ஐ ஒட்டிக் கப்பல் வழியாக அமெரிக்கா வந்தது; இன்று பிரெய்ரி நாய்களின் முழுக் குடியிருப்புகளையே அழிக்கிறது. தெள்ளுப்பூச்சி வழியே மனிதருக்கும் தொற்றலாம், அரிதாக. அதனால்தான் சில இடங்களில் வளைகளுக்குள் பூச்சிமருந்துத் தூள் தூவுகிறார்கள். நீ என்றாவது போனால் தீனி போடாதே, செத்துக் கிடப்பதைத் தொடாதே, பூங்கா ஊழியரிடம் சொல். குறிப்பேட்டில் தலைகளை மட்டும் எண்ணாமல், புல்லின் உயரத்தையும் அங்கே வேறு எவை மேய்கின்றன என்பதையும் எழுதி வை.

அன்புடன்,
மாமா